கோளாறு நான்கு குமிழ்களில், மாற்றியது இரண்டு: 15 வாட் கிட்டார் ஆம்ப் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வீட்டில் வைத்துப் பழகுவதற்கான சின்ன ஆம்ப் (கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி) அது. 15 வாட், 8 அங்குல ஸ்பீக்கர், வால்வு எனும் கண்ணாடிக் குழாய்கள் இல்லாமல் ஐசியும் டிரான்சிஸ்டரும் கொண்ட சுற்று. முகப்பில் கெயின், வால்யூம், பாஸ், மிடில், ட்ரெபிள் என ஐந்து குமிழ்கள். உரிமையாளர் சால்டரிங் அயர்னை (ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சூட்டுக்கோலை) முதன்முறையாகக் கையில் எடுப்பவர். அவருடைய புகார் ஒரே வரியில் இருந்தது: "நாப் எல்லாம் போயிடுச்சு, அஞ்சையும் மாத்தணும்."

ஐந்தையும் மாற்ற வேண்டிய தேவை இருக்கவில்லை. கோளாறு இருந்தது நான்கில். நான்கும் நான்கு விதம். புதிய பாகம் தேவைப்பட்டது இரண்டுக்கு மட்டும். எந்தக் குமிழுக்கு என்ன நோய் என்று பிரித்தறிவதுதான் இந்த வேலையின் பாதிக்கு மேல். அதைத் தாண்டிக் குதித்து நேராக அயர்னைச் சூடாக்குகிறவர்கள்தான் நன்றாக இருந்த சர்க்யூட் போர்டையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

நாம் பிடித்துத் திருப்புவது ஒரு பிளாஸ்டிக் தொப்பி. அது உட்கார்ந்திருப்பது பொட்டன்ஷியோமீட்டரின் தண்டு மேல். கடையில் சுருக்கமாக 'பாட்' என்பார்கள். தண்டின் அடியில் குதிரைலாட வடிவில் ஒரு கரித் தடம், அதன் மேல் ஊரும் ஒரு தொடுமுனை. வெளியே மூன்று கால்கள்: ஓரத்து இரண்டும் தடத்தின் இரு முனைகள், நடுக்கால் தொடுமுனை. அந்தக் கால்களைப் போர்டோடு பிணைப்பது சால்டர். ஆக, 'நாப் போச்சு' என்ற சொல்லுக்குள் தொப்பி, தண்டு, தடம், சால்டர் என்று நான்கு சந்தேக நபர்கள் ஒளிந்திருக்கிறார்கள்.

திறக்கும் முன் கேட்டவை

வால்யூமைத் திருப்பினால் கரகரப்பு. பத்து மணி நிலைக்கும் பன்னிரண்டு மணி நிலைக்கும் இடையில் சத்தம் அடியோடு போய்ப் பின் திடீரென்று வெடித்தது. கெயினைத் திருப்பும்போது ஒன்றுமில்லை, ஆனால் குமிழைப் பக்கவாட்டில் லேசாக அழுத்தினால் ஒலி விட்டுவிட்டு வந்தது. மிடிலில் சன்னமான சரசரப்பு, பலமுறை திருப்பினால் குறைந்தது. ட்ரெபிள் குமிழ் முடிவில்லாமல் சுற்றியது, தொனியில் எந்த மாற்றமும் இல்லை. பாஸ் நன்றாக இருந்தது.

இந்தக் கட்டத்தில் மறக்காமல் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. கிட்டாரிலும் வால்யூம், டோன் பாட்கள் இருக்கின்றன. அவை கரகரத்தாலும் பழி ஆம்ப் மேல்தான் விழும். கிட்டாரின் குமிழ்களைத் தொடாமல் ஆம்ப்பின் குமிழை மட்டும் திருப்பிக் கேட்க வேண்டும், பிறகு மாற்றிச் செய்து பார்க்க வேண்டும். கேபிளையும் ஒரு முறை மாற்றிப் பார்க்கலாம். இங்கே கிட்டார் குற்றமற்றது.

மின்சாரம்

பிளக்கைச் சுவரிலிருந்து உருவிக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். ஆம்ப்பின் சுவிட்சை அணைப்பது போதாது. பிளக் செருகியிருக்கும்வரை ஃப்யூஸ், சுவிட்ச், டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும் வயர் ஆகியவற்றில் 230 வோல்ட் காத்திருக்கும்.

பிளக்கை உருவிய பிறகும் பவர் சப்ளை கப்பாசிட்டர்களில் மின்னூட்டம் மிஞ்சும். இந்த ஆம்ப்பில் +18, −18 வோல்ட் சப்ளை, பக்கத்துக்கு ஒரு 2200 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து இரண்டையும் அளந்து, 1 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை அதன் இரு கால்களுக்கும் குறுக்கே சுமார் 15 விநாடி பிடித்தால் வடிந்துவிடும். ரெசிஸ்டரின் கால்களை வெறுங்கையால் பிடிக்காமல் குறடால் பிடிக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் பட்டென்று ஷார்ட் செய்வது கப்பாசிட்டருக்கும் போர்டுக்கும் கெடுதி.

வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்கள் இந்த ஆய்வைப் படித்துவிட்டுத் தங்கள் ஆம்ப்பைத் திறக்கக் கூடாது. இங்குள்ள கப்பாசிட்டர் ஒன்றில் தேங்கும் ஆற்றல் சுமார் 0.36 ஜூல், வால்வு ஆம்ப்பில் 450 வோல்ட்டில் நிற்கும் 47 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரில் ஏறக்குறைய 4.8 ஜூல். ஆற்றலைவிட அந்த வோல்ட்டேஜ்தான் ஆபத்து: 18 வோல்ட் உலர்ந்த தோலைத் தாண்டுவது அரிது, 450 வோல்ட் தாண்டும், உயிரை எடுக்கும். அதோடு, ஸ்பீக்கரைக் கழற்றிய நிலையில் வால்வு ஆம்ப்பை இயக்கினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரியக்கூடும். முதல் வேலைக்கு அது உகந்த இடமில்லை.

அளந்து பார்த்ததில் தெரிந்தது

தொப்பிகளை முதலில் எடுக்க வேண்டும். பக்கவாட்டில் சின்னத் திருகு இருந்தால் அதைத் தளர்த்த வேண்டும். இல்லையென்றால் அது அழுத்திச் செருகிய வகை. ஷூ லேஸைத் தொப்பிக்கு அடியில் சுற்றி இரு முனைகளையும் சேர்த்து நேராக மேலே இழுத்தால் வந்துவிடும். ஸ்க்ரூடிரைவரால் ஒரு பக்கம் நெம்பினால் முகப்புப் பலகையில் கீறல் விழும், பிளாஸ்டிக் தண்டு ஒடியும்.

ட்ரெபிளின் விடை இங்கேயே கிடைத்துவிட்டது. இந்த வகைத் தண்டு நடுவில் பிளந்து, ஓரத்தில் பற்கள் வெட்டியிருக்கும். அதன் ஒரு பாதி ஒடிந்து தொப்பிக்குள் தங்கியிருந்தது. பித்தளைத் தண்டாக இருந்து தொப்பி வெறுமனே தளர்ந்திருந்தால், பிளவில் ஒரு கத்தி முனையை விட்டு மயிரிழை அகலப்படுத்தினால் சரியாகும். இது பிளாஸ்டிக், ஒடிந்தது ஒடிந்ததுதான். பசை போட்டு ஒட்டினால் ஒருநாள் தாங்கும். வழியும் பசை பாட்டின் கழுத்துக்குள் இறங்கித் தண்டையே இறுக்கிவிடவும் கூடும்.

சுற்று மாட்டியிருக்கும் உலோகச் சட்டமான சேஸிஸை மேலே தாங்கும் நான்கு போல்ட்டுகளைக் கழற்றும்போது கடைசிப் போல்ட்டுக்கு முன் சேஸிஸை ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரின் கனம் முழுவதும் ஒரே பக்கம் சாயும். கழற்றிய திருகுகளை ஸ்பீக்கருக்கு அருகே வைத்தால் காந்தம் இழுத்துக் காகிதக் கூம்பைக் கிழிக்கும். ஸ்பீக்கர் வயரை வயரைப் பிடித்து இழுக்காமல் முனையிலுள்ள தகட்டைப் பிடித்து உருவ வேண்டும். எந்த வயர் எங்கே என்று போர்டின் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்வது கட்டாயம்.

பிறகு மல்டிமீட்டர், ஓம் அளவில். பாட் போர்டிலேயே இருக்கும்போது வரும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது, ஏனெனில் சுற்றிலுள்ள மற்ற பாகங்களும் இணையாகச் சேர்ந்துகொள்ளும். ஆனால் அதிலும் ஒரு உறுதியான விதி இருக்கிறது: இணையாகச் சேர்வது எதுவும் அளவைக் குறைக்கத்தான் செய்யும், கூட்டாது. எனவே ஓரக்கால்கள் இரண்டுக்கும் இடையில், பாட்டின் மேல் அச்சிட்ட மதிப்பைவிட 20%-க்கும் மேல் அதிகமாகக் காட்டினால் தடம் விரிசல் கண்டிருக்கிறது. பாட்களின் தயாரிப்பு ஏற்ற இறக்கமே பொதுவாக 20% என்பதால் அதுவரை ஐயமில்லை.

வால்யூமில் அச்சிட்டிருந்தது ஏ10கே, அதாவது 10 கிலோ ஓம். ஓரக்கால்களுக்கிடையே 9.4 கிலோ ஓம். தடம் முழுமையாக இருக்கிறது. நடுக்காலுக்கும் ஒரு ஓரக்காலுக்கும் மீட்டரை வைத்து மெல்லத் திருப்பியபோதுதான் கதை வெளிவந்தது: பத்து மணி நிலை தாண்டியதும் எண் துள்ளி 'ஓஎல்' (தொடர்பே இல்லை என்பதன் குறி) என்று காட்டியது, பன்னிரண்டு மணிக்கு அருகே மீண்டும் சீரானது. வீட்டில் வாசிப்பவரின் வால்யூம் பெரும்பாலும் இந்த வட்டாரத்திலேயே நகர்வதால் அங்கேதான் கரி தேய்ந்து போகிறது. மின் தொடுமுனைகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரேயான காண்டாக்ட் கிளீனரும் அடித்துப் பார்க்கப்பட்டது. மீட்டரில் அதே இடத்தில் அதே துள்ளல். தேய்ந்து போன இடத்தில் துடைப்பதற்கு எதுவும் இல்லை. (இந்தச் சோதனைக்கு முள் வைத்த பழைய மீட்டர் டிஜிட்டலைவிட நல்லது, நொடிக்குள் வந்து போகும் இடைவெளியை முள் உதறிக் காட்டும்.)

மிடிலில் முள் சற்று நடுங்கியது, எங்கும் அறுபடவில்லை. அது தூசு. எண்ணெய்ப் பசை தரும் காண்டாக்ட் கிளீனரை, கால்கள் வெளிவரும் இடத்திலுள்ள இடைவெளி வழியே ஒரு சிறு பீச்சு அடித்து, முனைக்கு முனை முப்பது தடவை திருப்பியதும் நடுக்கம் நின்றது. சாதாரண டபிள்யூடி-40 இதற்கானதல்ல. அது விட்டுச் செல்லும் படலம் மறுபடியும் தூசைப் பிடிக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சுத்தமாக்கும், ஆனால் தண்டின் கிரீஸையும் கழுவிவிடும். அதன்பின் குமிழ் வறண்டு, பிடிப்பில்லாமல் சுற்றும்.

கெயின் பாட்டின் அளவுகள் எல்லாம் ஒழுங்கு. போர்டின் அடிப்பக்கத்தை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, அதன் நடுக்காலைச் சுற்றி முடியளவு மெல்லிய கறுப்பு வளையம். சால்டர் விரிசல். காரணம் முகப்பில் இருந்தது: அந்தப் பாட்டைப் பலகையோடு இறுக்கும் நட்டு தளர்ந்திருந்தது. நட்டு இறுகியிருந்தால் கையின் விசையைச் சேஸிஸ் தாங்கும். தளர்ந்துவிட்டால் ஒவ்வொரு திருப்பலையும் மூன்று சால்டர் புள்ளிகள் தாங்க வேண்டும். அவை அதற்காகச் செய்யப்பட்டவையல்ல.

வால்யூம் பாட் வாங்கும் முன் இன்னும் ஒரு அளவு. ஆம்ப்பை இயக்கி, பாட்டின் ஓரக்கால்களுக்கு இடையில் டிசி வோல்ட் அளக்க வேண்டும். மீட்டரின் கறுப்பு முனையைக் கிளிப்பால் மாட்டிவிட்டு, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மறு கையால் மட்டும் அளப்பது பாதுகாப்பு. இங்கே வந்தது 3 மில்லிவோல்ட், பொருட்படுத்த வேண்டியதில்லை. நூற்றுக்கணக்கில் மில்லிவோல்ட் வந்திருந்தால் குற்றவாளி பாட் அல்ல, முன்னால் இருக்கும் கப்ளிங் கப்பாசிட்டர் (டிசியைத் தடுத்து ஒலியை மட்டும் கடத்த வேண்டியது). அது டிசியைக் கசியவிடுகிறது. அப்போது எத்தனை புதிய பாட் போட்டாலும் முதல் நாளே கரகரக்கும். "புதுசு மாத்தியும் சத்தம் போகல" என்ற புலம்பல்கள் பலவற்றின் பின்னணி இதுதான்.

வாங்குதல்

தேவை இரண்டு பாட்கள். மதிப்பு மட்டும் தெரிந்தால் போதாது, ஐந்து விஷயம் ஒத்துப்போக வேண்டும்.

எண்ணுக்கு முன்னுள்ள எழுத்து முதலாவது. இன்றைய ஆசியத் தயாரிப்புகளில் 'ஏ' என்றால் ஆடியோ டேப்பர் (முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் மாறுவது), 'பி' என்றால் லீனியர் (திருப்பும் அளவுக்கு ஏற்பச் சீராக மாறுவது). பழைய ஐரோப்பிய பாட்களில் இந்தப் பொருள் மாறியும் வரும் என்பதால், ஐயம் இருந்தால் அளப்பதே வழி: தண்டைச் சரிபாதியில் நிறுத்தினால் லீனியர் மொத்த மதிப்பின் பாதியைக் காட்டும், ஆடியோ டேப்பர் 10 முதல் 15% வரையே காட்டும். வால்யூமுக்கு ஏ வகை வைப்பது காதின் இயல்பை ஒட்டி. பாதித் திருப்பலில் ஏ வகை ஒலியை 16 முதல் 20 டெசிபெல் தணித்து வைத்திருக்கும்; பி வகையில் தணிவு 6 டெசிபெல்தான். கடையில் பி10கே தாராளமாகக் கிடைக்கும், ஏ10கே தேட வேண்டியிருக்கும். 'ரெண்டும் ஒண்ணுதான்' என்று கொடுத்ததை வாங்கிப் போட்டால் முதல் கால் சுற்றிலேயே வீடு அதிரும், மிச்ச முக்கால் சுற்று வீண்.

ட்ரெபிள் பி50கே. டோன் குமிழ்களின் எழுத்து ஆம்ப்புக்கு ஆம்ப் மாறும், பொது விதி கிடையாது. ஃபெண்டர் பாணி வால்வு ஆம்ப்பில் ட்ரெபிள் 250 கிலோ ஓம் ஏ வகை, மார்ஷல் பாணியில் அதே இடத்தில் லீனியர். இருந்ததையே திரும்பப் போட வேண்டும்.

அடுத்தது உடலும் கால்களும்: 16 மி.மீ. உடல் என்றால் கால்களுக்கிடையே 5 மி.மீ., 9 மி.மீ. வகையில் 2.5 மி.மீ. கால்கள் நேராக இறங்குகின்றனவா, செங்கோணத்தில் மடங்குகின்றனவா என்பதும் பார்க்க வேண்டும். கழுத்து மரை பெரும்பாலும் எம்7. தண்டின் நீளத்தைப் பலகையில் அமரும் முகத்திலிருந்து நுனிவரை அளக்க வேண்டும். குறைந்தால் தொப்பி பலகையை உரசும், கூடினால் காளான் போல மேலே எழுந்து நிற்கும். கடைசியாகத் தண்டின் முனை: பல் வெட்டிய 6 மி.மீ. பிளவுத் தண்டா, 'டி' வடிவமா, முழு உருளையா. பற்கள் 18 உள்ள மெட்ரிக் தண்டும் 24 உள்ள அங்குலத் தண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஒன்றின் தொப்பி மற்றொன்றில் ஒழுங்காக உட்காராது.

சென்னைக்காரர்களுக்கு எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கிறது. பழைய பாட்டைக் கையோடு கொண்டுபோய் அருகருகே வைத்து ஒப்பிடுவதுதான் அங்கே சரியான முறை. சரியான கால் அமைப்பு கிடைக்காவிட்டால், வயர் இணைக்கும் வகைப் பாட்டை வாங்கிப் பலகையில் மாட்டி, மூன்று சின்ன வயர்களால் போர்டோடு சேர்க்கலாம். 10 கிலோ ஓமுக்கு இது தாராளமாக ஒத்துவரும். 250 கிலோ ஓமுக்கு மேல் போனால் வயர் ஆன்டெனாவாகி ரீங்காரம் பிடிக்கும், அதனால் 5 செ.மீ.க்குள் நிறுத்த வேண்டும்.

பழையதை எடுத்தல்

பழைய பாட்டை முழுதாகக் காப்பாற்ற நினைப்பதே புதியவர்களின் போர்டைக் கெடுப்பது. மூன்று கால்களையும் ஒரே நேரத்தில் உருக்க முடியாது. ஒன்றை உருக்குவதற்குள் மற்றது உறையும், பொறுமை போய் நெம்பினால் தாமிரத் தடம் போர்டிலிருந்து உரிந்துகொண்டு வரும். தூக்கிப் போடப்போகிற பாகம்தானே? ஐந்து நட்டுகளையும் இன்புட் ஜாக்கின் நட்டையும் கழற்றிப் போர்டை வெளியே எடுத்ததும், உடலுக்கும் போர்டுக்கும் இடையில் கால்களைச் சிறு கட்டரால் வெட்டிவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு துண்டுக் காலையும் தனித்தனியாகச் சூடாக்கிக் குறடால் உருவலாம், அதிகபட்சம் மூன்று விநாடி. உடலைத் தாங்கும் இரண்டு பக்கத் தகடுகளுக்குத்தான் சூடு கூடுதலாகப் பிடிக்கும்.

அயர்ன் 350 டிகிரி செல்சியஸ், 0.8 மி.மீ. 60/40 ஈயம் (60% வெள்ளீயம், 40% காரீயம் கலந்த சால்டர்), ஒரு ஃப்ளக்ஸ் (ஈயம் நன்றாக ஒட்ட உதவும் பசை) டப்பா, 2 மி.மீ. தாமிரப் பின்னல், உறிஞ்சு பம்ப்: இவ்வளவும் இருந்தால் போதும். பழைய புள்ளியில் முதலில் கொஞ்சம் புது ஈயத்தை ஏற்ற வேண்டும். எடுக்க வேண்டிய இடத்தில் சேர்ப்பது விந்தையாகத் தோன்றலாம். மின்னணுப் பொருள்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பியச் சட்டம் 2006 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபின் தயாரான ஆம்ப்களில் பெரும்பாலும் காரீயமற்ற கலவைதான், அது உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். 60/40 கலந்தால் உருகுநிலை இறங்கும், ஃப்ளக்ஸும் புதிதாகச் சேரும். துளை அடைத்துக்கொண்டால் பின்னலை வைத்து உறிஞ்சலாம், அல்லது ஈயம் உருகிய நிலையில் பல்குத்தும் குச்சியைச் செருகி வழி திறக்கலாம். டிரில் வேண்டவே வேண்டாம். இருபக்கப் போர்டில் துளையின் உட்சுவரிலும் தாமிரம் இருக்கும், டிரில் அதைச் சுரண்டி எடுத்துவிடும்.

தடம் உரிந்துவிட்டால் வேலை முடிந்துபோய்விடவில்லை. அந்தத் தடம் அடுத்து எந்தப் பாகத்தின் காலுக்குப் போகிறது என்று மீட்டரின் பீப் ஒலியால் கண்டுபிடித்து, அங்கிருந்து பாட்டின் காலுக்கு மெல்லிய வயர் ஒன்றை நேரடியாகச் சால்டர் செய்யலாம்.

முதலில் நட்டு, பிறகு ஈயம்

புதிய பாட்களின் கால்களைத் துளைகளில் நுழைத்ததும் அயர்னை எடுக்கத் தோன்றும். அங்கே நிறுத்த வேண்டும். போர்டை அதன் இடத்தில் வைத்து, எல்லாத் தண்டுகளையும் பலகைத் துளைகள் வழியே வெளியே கொண்டுவந்து, வாஷர் போட்டு, நட்டுகளை 10 மி.மீ. பாக்ஸ் ஸ்பானரால் இறுக்கிய பிறகே சால்டர். முன்கூட்டியே சால்டர் செய்துவிட்டுப் பின்னர் நட்டை இறுக்கினால், பாட் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அந்த இழுப்பு சால்டரில் நிரந்தரமாகத் தங்கிவிடும். கெயினில் கண்ட விரிசல் போன்றவை பிறக்கும் இடம் அது. உடலின் முகத்தில் துருத்தும் சிறு தகடு, பாட் சுழலாமல் தடுப்பதற்கு. பலகையில் அதற்குத் துளை இருந்தால் அதில் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் குறடால் ஒடித்துவிடலாம். உடலை மேலே தூக்கிக்கொண்டு நிற்கவிடக் கூடாது.

பக்கத் தகடுகள் முதலில், கால்கள் பிறகு. அயர்ன் முனை காலையும் தாமிர வட்டத்தையும் சேர்த்துத் தொட வேண்டும், ஈயத்தை அந்தச் சந்திப்பில் கொடுக்க வேண்டும், அயர்ன் முனையில் அல்ல. நல்ல இணைப்பு காலைச் சுற்றி உள்வாங்கிய சரிவாக நிற்கும். உருண்டையாகத் திரண்டிருந்தால் ஈயம் ஒட்டவில்லை. கெயினின் விரிசல் புள்ளியில் பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைக்கப்பட்டது. மேலாக ஒரு தொடு தொட்டு மூடினால் விரிசல் உள்ளேயே இருக்கும்.

வயர் இணைக்கும் வகையைத் தேர்ந்தவர்களுக்கு ஒரு குறிப்பு. ஓரக்கால்கள் இடம் மாறினால் குமிழ் தலைகீழாக வேலை செய்யும், ஏ வகையில் மாற்றம் எல்லாம் ஒரு மூலையில் நெருங்கிவிடும். நடுக்கால் இடம் மாறினால் சத்தம் பூஜ்ஜியத்துக்கே இறங்காமல் போகலாம்.

மீண்டும் இயக்கியது

மின்சாரம் கொடுக்கும் முன் மூன்று அளவுகள் எடுக்கப்பட்டன. பக்கத்துப் பக்கத்துக் கால்களுக்கிடையே ஈயம் பாலமிடவில்லை. ஒவ்வொரு பாட்டும் முனைக்கு முனை தடையில்லாமல் ஓடியது. பிளக்கின் எர்த் முனைக்கும் சேஸிஸுக்கும் இடையில் 1 ஓமுக்குக் கீழே. மூன்றாவது அளவு உயிர் சம்பந்தப்பட்டது. கழற்றும்போது எர்த் வயரின் பல் வாஷர் தொலைந்து, அந்தத் திருகு தளர்வாகவே மாட்டப்படுவது அடிக்கடி நடக்கிறது.

பிறகு சீரிஸ் போர்டு. 40 வாட் குண்டு பல்பு ஒன்றை ஆம்ப்புக்குத் தொடராக இணைத்துச் சுவிட்சைப் போட்டதும், பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கியது. கப்பாசிட்டர்கள் நிரம்பிவிட்டன, ஷார்ட் எதுவும் இல்லை. மங்காமல் எரிந்துகொண்டே இருந்திருந்தால் உடனே அணைத்துவிட்டு ஈயப் பாலத்தைத் தேடியிருக்க வேண்டும். எல்இடி பல்பு இந்த வேலைக்கு உதவாது.

பல்பை விலக்கி நேரடி மின்சாரத்தில், எல்லாக் குமிழும் பூஜ்ஜியத்தில் தொடங்கி ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்ததில், வால்யூம் அடிமுதல் நுனிவரை சீராக ஏறியது. ட்ரெபிள் வேலை செய்தது. முழுதாகத் திருப்பினால் கேட்கும் மெல்லிய இரைச்சல் சுற்றின் இயல்பு, பாட்டின் குறையல்ல. மரக்குச்சியால் ஒவ்வொரு தண்டையும் நான்கு பக்கமும் தள்ளியபோது கெயின் உட்பட எதிலும் ஒலி அறுபடவில்லை. தொப்பிகளைச் செருகும்போது தண்டை இடது கோடிக்குத் திருப்பி, கோட்டைப் பூஜ்ஜியத்தில் பொருத்த வேண்டும்.

ஸ்பீக்கரின் அதிர்வு நட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தும். ஒரு மாதம் வாசித்த பிறகு தொப்பிகளை மட்டும் எடுத்து ஐந்து நட்டுகளையும் விரலால் அசைத்துப் பார்த்து, அசைவதைக் கால் சுற்று இறுக்கினால் போதும். அதற்குச் சேஸிஸைத் திறக்கத் தேவையில்லை.